வன்னியில் வீட்டு லேண்ட்லைனை விட்டு சிம்முக்குப் போவதா? நான்கு வழிகள், ஒரு கணக்கு

லேண்ட்லைன் பில் கட்டிக் களைத்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இதே நம்பரைச் சிம்முக்கு மாற்றி, மாதாமாதம் ரீலோட் போட்டுச் சமாளிக்கலாமா? ரொறன்ரோவில் இருக்கும் தம்பி "நான் இங்கே அப்படித்தான் செய்தேன், அரை மணித்தியால வேலை" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கனடாவில் 2007 மார்ச்சிலிருந்தும் அமெரிக்காவில் 2003 நவம்பரிலிருந்தும் வீட்டு நம்பரைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுபோக முடிகிறது. இலங்கையில் அப்படி ஒரு சேவை இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து 021, வவுனியாவின் 024, மன்னாரின் 023 எல்லாம் ஓர் இடத்தோடு கட்டிய நம்பர்கள். 07 என்று தொடங்குபவை கைத்தொலைபேசிக்கு. ஒன்றை மற்றதாக்க எந்தக் கம்பனிக் கவுண்டரிலும் படிவம் கிடையாது.

ஆகவே "எந்தக் கம்பனி மலிவு" என்று தொடங்கினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நம்பரை நம்பி என்னென்ன கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு விடை தெரிந்துவிட்டால் கீழே உள்ள நான்கு வழிகளில் எது உங்களுக்கு என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நம்பரின் பாரம். ஒரு தாளை எடுத்து, அந்த நம்பர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள்: வங்கிக் கணக்கு, அடகு வைத்த ரசீது, கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு, பென்சன் கோப்பு, காப்புறுதி, கூட்டுறவுச் சங்கம், கடைப் பலகை, பில் புத்தகம், கல்யாண மண்டபக்காரரின் டயரி. வெளிநாட்டில் இருக்கும் உறவினரைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள், ஆனால் அவர்களுக்குத்தான் நம்பர் மாற்றம் சொல்வது லேசு. வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் முடிந்தது. நீங்களே மறந்துவிட்ட இடங்கள்தான் ஆபத்து. ஐந்து வருடத்துக்கு முன் கொடுத்த காணி விண்ணப்பத்தில் அந்த நம்பர் இருக்கும். அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு தடவை அழைப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்குள் சிக்னல். ஏ9 ஓரத்து ஆட்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் என்று உள்ளே போகப் போக, முற்றத்தில் இழுப்பது அறைக்குள் இழுக்காது. போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அன்ட்ரொயிட் போனின் செற்றிங்ஸில் "எபவுட் போன்" பகுதிக்குள் சிம் நிலை என்று ஓர் இடம் இருக்கும். அதில் சிக்னல் கழித்தல் எண்ணாகத் தெரியும். 4ஜீயில் கழித்தல் 90 அல்லது அதைவிடப் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. 100 அளவில் பேசலாம். 110 ஐத் தாண்டினால் பேச்சு அறும், 115 இல் மணியே அடிக்காமல் போகும். போன் வைக்கப்போகும் அதே மேசையில், இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் பாருங்கள், ஏனென்றால் ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில்தான் டவரின் உண்மை நிலை வெளிவரும். சொந்தமாகச் சிம் வாங்கிப் பார்க்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எல்லாக் கம்பனியும் இருக்கும்.

கரண்ட். பழைய செப்பு வயர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ற் வருகிறது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் சாதாரண வயர் போன் மணியடிக்கும். ஃபைபர் பெட்டியும் 4ஜீ ரவுட்டரும் கரண்ட் போன அந்த நொடியே செத்துவிடும். கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தில் கரண்ட் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பது உங்கள் ஊர் அனுபவத்துக்குத் தெரியும். இரவில் அம்புலன்சுக்கு 1990 ஐயோ பொலிசுக்கு 119 ஐயோ அழைக்க வீட்டில் ஒரு கருவியாவது உயிரோடு இருக்கவேண்டும். மற்றச் சலுகை எதையும் விட இதற்கு நாங்கள் கூடிய புள்ளி போடுவோம்.

எடுக்கப்போவது யார். எழுபது வயது அம்மம்மாவுக்குத் தொடுதிரையில் பச்சைப் பொத்தானை இழுத்து எடுப்பது பெரும்பாடு. காது மந்தமானவருக்குப் பெரிய ரிசீவரும் சத்தமான மணியும் வேண்டும். மலிவு என்று வாங்கிக் கொடுத்த போன் எடுக்கப்படாமலே கிடந்தால் மிச்சம் பிடித்ததாக ஆகாது.

உண்மையான செலவு. விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் வரிக்கு முன். 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டும் 18 வீதம், அதற்கு மேல் தொலைத்தொடர்புக்கென்று தனி வரியும் உண்டு. எனவே இரண்டு பக்கத்தையும் வரி சேர்ந்த தொகையில் ஒப்பிடுங்கள். கடைசி மூன்று பில்லை எடுத்து, மாத வாடகை எவ்வளவு, பேசிய காசு எவ்வளவு, இன்டர்நெட் எவ்வளவு என்று பிரியுங்கள். பேச்சுக் காசு சொற்பமாகவும் மீதி எல்லாம் எவரும் பாவிக்காத இன்டர்நெட் பொதியாகவும் இருந்தால், உங்கள் பிரச்சினை லேண்ட்லைனே இல்லை. பொதியை வெட்டினால் போதும்.

## வழி 1: லைனை வைத்துக்கொண்டு பில்லைக் குறைப்பது

எல்லோரும் தாண்டிப் போகும் வழி இது, ஆனால் முதலில் பார்க்கவேண்டியதும் இதுதான். டெலிகொம் லைன் என்றால் 1212 க்கு அழைத்து மூன்று விடயம் கேளுங்கள்: இன்டர்நெட்டை நிறுத்திப் பேச்சுக்கு மட்டும் வைத்தால் மாதம் எவ்வளவு, என் பில்லில் இப்போது என்னென்ன மேலதிகச் சேவைகள் ஓடுகின்றன, என் வீதிக்கு ஃபைபர் வந்துவிட்டதா. இரண்டாவது கேள்விக்குச் சில வேளை நீங்கள் கேள்விப்பட்டேயிராத பெயர்கள் பதிலாக வரும்.

ஃபைபர் வாசலுக்கு வந்திருந்தால், செப்பிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது பொதுவாக அதே நம்பர் தொடரும். விண்ணப்பத்தில் பழைய நம்பரை எழுதி, அதைத் தொடர்வதாகக் குறிப்பிடச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விடவேண்டாம். இணைப்புக் கட்டணம், வீதியிலிருந்து வீடு தூரமென்றால் மேலதிகக் கம்பத்துக்கு ஆகும் செலவு, இடையில் விட்டால் தண்டம் உள்ள ஒப்பந்தக் காலம் ஆகிய மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு எங்கே இருக்கிறது? செப்பு வயர் என்றால் பழுது. மரம் விழும், யானை கம்பத்தைச் சாய்க்கும், மழையில் மூட்டுக்குள் தண்ணீர் போய் இரைச்சல் எழும். பழுதான நாட்களுக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதிவைத்தால்தான் கழிவு கேட்க முடியும். இன்னொன்று மின்னல். சித்திரை, ஐப்பசி இடிமழையில் நீண்ட செப்பு வயர் மின்னலை நேரே மோடத்துக்குள் கொண்டுவரும். கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு போன் வயரை அப்படியே விடுவதால்தான் மோடங்கள் எரிகின்றன. இரண்டையும் கழற்றவேண்டும். ஃபைபரில் இந்தப் பயம் இல்லை, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதை மடக்கி ஆணியடித்தால் உள்ளே முறிந்துவிடும்.

கடை, மருந்தகம், மில், லொட்ஜ் என்று நம்பரே வியாபாரமாக இருப்பவர்களுக்கு இந்த வழிதான். இன்னொரு பயன்: லேண்ட்லைன் நம்பரிலேயே வட்ஸ்அப் பிஸ்னஸ் திறக்கலாம். எஸ்.எம்.எஸ். வராது என்பதால், உறுதிப்படுத்தும்போது "அழைப்பு மூலம்" என்பதைத் தெரிவுசெய்தால் லேண்ட்லைனுக்கு மணியடித்து ஆறு இலக்கத்தைக் குரலில் சொல்லும். பலகையில் உள்ள நம்பருக்கே படமும் விலையும் அனுப்பலாம்.

## வழி 2: 4ஜீ ரவுட்டரோடு வரும் வீட்டு நம்பர்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் பல வீடுகளுக்கு வயர் வரவேயில்லை. கூரையில் அன்ரெனா பூட்டிய சீ.டீ.எம்.ஏ. போன்தான் வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தின் காலம் முடிந்துவிட்டது, அந்தப் பெட்டிக்குள் இன்றைய சிம்மைப் போட்டு வேலைசெய்ய வைக்க முடியாது. அதன் இடத்துக்கு வந்ததுதான் 4ஜீ வீட்டு ரவுட்டர். பின்புறத்தில் போன் வயர் செருகும் சிறிய துளை இருந்தால், பழைய மேசைப் போனை அதிலேயே கொழுவிப் பேசலாம். நம்பர் 021, 024 என்றுதான் இருக்கும்.

ஏற்கனவே லைன் உள்ள அதே கம்பனியின் 4ஜீக்கு மாறினால் பழைய நம்பரைத் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேறு கம்பனிக்குப் போனால் புது நம்பர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புது நம்பர்தான் கிடைக்கும் என்றால் இந்த வழியில் லேண்ட்லைன் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். வீட்டுக்கு இன்டர்நெட்டும் வேண்டுமென்றால் மட்டுமே காசுக்குப் பெறுமதி. பேச மட்டும் ரவுட்டர் எடுப்பது நட்டம்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, முகவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்: டேட்டா முடிந்த பிறகும், பொதி காலாவதியான பிறகும் அழைப்பு வருமா? ரவுட்டருக்கும் பொதிக்கும் ஏற்ப இது மாறும்.

கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கும் சிறு பற்றரிப் பெட்டியான மினி யூ.பீ.எஸ். வாங்கும்போது அட்டையில் உள்ள பெரிய எண்ணில் ஏமாற வேண்டாம். 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ற் பற்றரியின் கணக்கு. அது 37 வாற் மணித்தியாலம். 12 வோல்ற்றாக ஏற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கையில் கிடைப்பது 30 அளவு. 7 வாற் எடுக்கும் ரவுட்டர் அதில் நாலு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஓடும். பெட்டியில் "இரவு முழுக்க" என்று எழுதியிருந்தாலும் கணக்கு இதுதான். ரவுட்டரின் அடாப்ரரில் 12 வோல்ற், 2 அம்பியர் என்று இருந்தால் 1 அம்பியர் யூ.பீ.எஸ். போதாது. ரவுட்டர் எழும்பி எழும்பி விழும், "சிக்னல் பிரச்சினை" என்று நினைத்து அலைவீர்கள். வீட்டில் சோலார் பற்றரி இருப்பவர்கள் நேரே கொழுவ வேண்டாம். வெயில் நேரம் சார்ஜ் ஏறும்போது அது 14 வோல்ற்றைத் தாண்டும். இடையில் 12 வோல்ற் ரெகுலேற்றர் போடுங்கள்.

சிக்னல் குறைந்த வீட்டுக்கு வெளி அன்ரெனா உதவும். ஆனால் இதில் வீணாகும் காசு கொஞ்சமல்ல. மலிவான மெல்லிய கேபிள் 4ஜீ அலைவரிசைகளில் ஒரு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1 டெசிபெல் (சிக்னல் கூடிக் குறைவதை அளக்கும் அளவு) வரை விழுங்கும். 10 டெசிபெல் கூட்டித் தரும் அன்ரெனாவை வாங்கி, 10 மீற்றர் மெல்லிய கேபிளில் கீழே இறக்கினால் கிடைத்தது எல்லாம் வயருக்குள்ளேயே முடிந்துவிடும். கேபிள் 5 மீற்றருக்குள் இருக்கட்டும், அல்லது தடித்த கேபிள் வாங்குங்கள். அதைவிடச் சுலபமான வழி, ரவுட்டரையே டவர் பக்கத்து யன்னலில், தகரக் கூரைக்குக் கீழே அல்லாமல் சுவரோரம் உயர்த்தி வைத்து, போனுக்கு நீளமான வயர் இழுப்பது. போன் வயரின் நீளம் ஒன்றையும் கெடுக்காது.

## வழி 3: 07 நம்பருக்கு முழுதாக மாறுவது

இதில் இரண்டு விதம். ஒன்று, சாதாரணப் பட்டன் போன். மற்றது, பார்வைக்கு லேண்ட்லைன் போலவே இருக்கும், சிம் போடும் மேசைப் போன்.

பேச்சு மட்டும் போதும், நம்பருக்குப் பாரம் இல்லை, வீட்டுக்குள் சிக்னல் கழித்தல் 100 க்கு உள்ளே என்றால் இதைவிட மலிவு இல்லை. வங்கியின் ஓ.டீ.பீ. (ஒரு தடவை மட்டும் செல்லும் கடவெண்) எஸ்.எம்.எஸ். வீட்டுக்கே வருவது கூடுதல் இலாபம். லேண்ட்லைனில் அது நடக்காது. பட்டன் போனின் பற்றரி நாட்கணக்கில் நிற்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. டவரின் சொந்தப் பற்றரியும் தீர்ந்து, ஜெனரேற்றருக்கு எண்ணெய் போக வழியில்லாத வெள்ள நாளில்தான் இது கைவிடும். அந்த நாளுக்கென்று வேறு கம்பனிச் சிம் ஒன்றையும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 072, 078 இரண்டும் ஹட்ச். 2024 ஜூனிலிருந்து எயார்டெல் டயலொக்கின் கையில். 070, 071 மொபிடெல். பெயர் இரண்டாக இருந்தால் நெட்வேர்க்கும் இரண்டு என்று எடுத்துவிட வேண்டாம். போதாததற்கு, வேறு வேறு கம்பனிகள் ஒரே கோபுரத்தில் ஏறியிருப்பதும் உண்டு.

மேசைப் போன் வாங்குபவர்கள் கடையிலேயே செய்யவேண்டியது ஒன்று. 2025 ஜனவரி 28 இலிருந்து, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத புதுக் கருவிகளை நெட்வேர்க் ஏற்காது. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எனும் கருவி அடையாள எண்ணைப் பார்த்து, உங்கள் போனில் ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909 க்கு அனுப்புங்கள். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வரும் போன்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, 2ஜீ மட்டும் பிடிக்கும் மாடலை வாங்க வேண்டாம். விலை குறைவு என்பதற்காகவே கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். பழைய நெட்வேர்க்குகள் உலகம் முழுக்க ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 4ஜீ மாடல் என்றாலும், பேச்சும் 4ஜீயிலேயே போகுமா என்று பாருங்கள். சில மாடல்கள் இன்டர்நெட்டுக்கு மட்டும் 4ஜீ, பேசும்போது பழைய நெட்வேர்க்குக்கு இறங்கிவிடும். உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். பேசும் நேரமும் திரையில் 4ஜீ அல்லது வோல்ட்டீ என்று நின்றால் சரி. உள்ளே இருக்கும் பற்றரி தனியாகக் கடையில் கிடைக்கும் வகையா என்றும் பாருங்கள். பல மாடல்களில் பழைய நோக்கியாவின் பீ.எல்-5சீ தான் இருக்கும், அது எங்கும் கிடைக்கும்.

இனிக் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, வரியோடு லேண்ட்லைன் பில் 1,000 ரூபா, சிம் ரீலோட் 400 ரூபா என்று வையுங்கள். மாதம் மிச்சம் 600. மேசைப் போன் 9,000 ரூபா. மாறும் காலத்தில் லைனையும் சிம்மையும் மூன்று மாதம் சேர்த்து ஓடவிட, ரீலோட்டுக்கு மேலதிகமாக 1,200. மொத்தம் 10,200 ரூபா. அதை மிச்சத்தால் மீட்க 17 மாதம் ஆகும். வீட்டில் சும்மா கிடக்கும் பட்டன் போனையே பாவித்தால் இரண்டே மாதம். மேசைப் போன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வயதானவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகவென்று அதை வாங்காதீர்கள். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

மறைந்த செலவுகளும் உண்டு. "அளவில்லாத அழைப்பு" பொதி பெரும்பாலும் அதே கம்பனி நம்பருக்குத்தான் அளவில்லாதது. கச்சேரி, ஆஸ்பத்திரி, பிரதேச சபை என்று நீங்கள் அழைக்கும் லேண்ட்லைன்கள் அதில் அடங்குமா என்று கேளுங்கள். காசைத் தின்னும் பாட்டு, ராசிபலன், செய்திச் சேவைகளைத் தெரியாமல் அழுத்திவிடும் பெரியவர்கள் உண்டு. சிம் எடுத்த அன்றே கம்பனியை அழைத்து அந்த வகைச் சேவைகளையும் வெளிநாட்டு அழைப்பையும் தடைசெய்யச் சொல்லுங்கள். மாதப் பில் சிம் வேண்டாம், ரீலோட் சிம் போதும். தெரியாத வெளிநாட்டு நம்பரின் மிஸ்ட் கோலுக்குத் திருப்பி அழைத்தால், போகும் காசுக்கு அதில் ஓர் எல்லை இருக்கும். நீண்ட காலம் ரீலோட் போடாவிட்டால் நம்பரே பறிபோகும். கால எல்லை கம்பனிக்குக் கம்பனி வேறு என்பதால், கேட்டுப் போன் அடியில் ஒட்டிவையுங்கள்.

சிம் வீட்டில் இருப்பவரின் அடையாள அட்டையில் பதிந்திருக்கட்டும். பேரனின் பெயரில் எடுத்து அவர் கட்டாருக்குப் போய்விட்டால், சிம் தொலைந்தால் திருப்பி எடுக்க வழியில்லை. *132# அடித்தால் உங்கள் பெயரில் எத்தனை சிம் என்று காட்டும். தெரியாதது இருந்தால் அன்றே வெட்டச் சொல்லுங்கள்.

## வழி 4: பழைய நம்பருக்கு வரும் அழைப்பைச் சிம்முக்குத் திருப்புவது

லைனை மிகக் குறைந்த பேச்சுப் பொதியில் வைத்து, வரும் அழைப்பையெல்லாம் 07 நம்பருக்குத் திருப்பிவிடுவது. "நம்பரை மாற்ற முடியாது" என்பதற்கு இங்கே இருக்கிற ஒரே நெருங்கிய மாற்று இதுதான். திருப்பும் வேலை எக்ஸ்சேஞ்சில் நடப்பதால், வீட்டு வயர் அறுந்து கிடந்தாலும் அழைப்பு சிம்முக்கு வந்துசேரும். மாதக்கணக்காகப் பழுது பார்க்க வராத கிராமத்து லைனுக்கு இது நல்ல மருந்து.

விலை? உங்களை அழைப்பவர் லேண்ட்லைன் வரைக்கும்தான் கட்டுகிறார். அங்கிருந்து சிம்முக்குப் போகும் துண்டு உங்கள் பில்லில் ஏறும். நாளைக்கு இருபது அழைப்பு வரும் கடைக்கு இது வாடகையையே மிஞ்சலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று வரும் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. சேவையைத் திறக்கவும் மூடவும் கம்பனியிடம்தான் கேட்கவேண்டும். திறந்த பிறகு வேறொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

சிலர் சிம்மிலிருந்து **21* அடித்து, லேண்ட்லைன் நம்பரைப் போட்டு # அழுத்திவிட்டு, திருப்பியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது எதிர்ப் பக்கம்: சிம்முக்கு வருவதை லேண்ட்லைனுக்கு அனுப்பும். இரண்டு பக்கமும் திருப்பிவிட்டால் அழைப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. சிம் பக்கத்தை எடுத்துவிட ##21#.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | லைனை வைத்திருத்தல் | 4ஜீ ரவுட்டர் | 07 சிம் | திருப்பிவிடல் |
|---|---|---|---|---|
| பழைய நம்பர் | நிற்கும் | அதே கம்பனி என்றால் கேட்கலாம் | போய்விடும் | நிற்கும் |
| கரண்ட் போனால் | செப்பு பேசும், ஃபைபர் நிற்கும் | யூ.பீ.எஸ். வேண்டும் | பேசும் | பேசும் |
| சிக்னல் தேவை | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| ஓ.டீ.பீ. | வராது | கம்பனியிடம் கேட்கவும் | வரும் | லைனுக்கு வராது, சிம்முக்கு வரும் |
| முதல் செலவு | இல்லை, ஃபைபருக்கு உண்டு | அதிகம் | பட்டன் போனுக்குக் குறைவு | குறைவு |
| மாதச் செலவு | நடுத்தரம் | இன்டர்நெட்டோடு அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம், அழைப்பைப் பொறுத்து ஏறும் |
| முக்கிய ஆபத்து | பழுது, மின்னல் | பொதி முடிவது | ரீலோட் மறப்பது | மறைந்த அழைப்புக் காசு |

புதுக்குடியிருப்பிலோ விசுவமடுவிலோ வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடு, சிக்னல் உண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் 4ஜீ மேசைப் போனும் பழைய லைனில் மூன்று மாதத் திருப்பிவிடலும். பரந்தன் சந்தியில் கடை என்றால் லைனை விடாதீர்கள். சிக்னல் 110 ஐத் தாண்டும் உள்ளூர் வீட்டில் செப்பு வயர் இன்னும் வேலை செய்கிறது என்றால், அதை வெட்டுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதுதான். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் ஃபைபர் வந்திருந்தால் அது, வராவிட்டால் ரவுட்டர். பக்ஸ் (தொலைநகல்) பாவிக்கும் பள்ளிக்கூடமோ அலுவலகமோ 4ஜீக்குப் போகவேண்டாம். பக்கம் பாதியில் அறும்.

## மாறுவது என்று முடிவானால்

லைனை வெட்டுவதை முதலில் செய்யாதீர்கள், அது கடைசி வேலை. புதுச் சிம்மை எடுத்து ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே பாவித்துப் பாருங்கள். சரி என்றால் பழைய லைனில் திருப்பிவிடலைத் திறந்து, அந்தத் தாளில் எழுதிய இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் புது நம்பரைக் கொடுங்கள். வங்கிக்கு அடையாள அட்டையும் புத்தகமும் கொண்டு நேரே போகவேண்டும். கிளினிக் கொப்பியில் பழைய நம்பரை வெட்டிப் புதியதை எழுதுவது போதாது, தாதியிடம் சொல்லிப் பதிவேட்டிலும் மாற்றச் சொல்லுங்கள். பழைய நம்பரைச் சுற்றிவந்து சேரும் ஒவ்வோர் அழைப்பின்போதும் அந்த ஆளிடம் புதியதைக் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் யாரும் பழைய நம்பரில் வராத நிலை வரும்.

அந்த நம்பரில் வட்ஸ்அப் இருந்தால், வெட்ட முன்னர் செயலிக்குள்ளேயே நம்பர் மாற்றும் பகுதிக்குப் போய்ப் புதியதுக்கு மாற்றுங்கள். வெட்டிய நம்பர் பின்னர் இன்னொருவருக்குப் போகலாம், அவர் அதில் வட்ஸ்அப் திறந்தால் உங்கள் ஆட்கள் அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

வன்னியில் அதிகம் இழுபடுவது பெயர்ப் பிரச்சினை. லைன் காலமான ஐயாவின் பெயரிலோ, இலண்டனில் இருக்கும் அண்ணாவின் பெயரிலோ இருக்கும். பில் கட்டும்போது யாரும் கேட்கவில்லை, வெட்டும்போது கேட்பார்கள். இறந்தவர் என்றால் மரணச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கடைசி பில் ஆகியவற்றோடு போய் முதலில் பெயரை மாற்றுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அவரிடமிருந்து அதிகாரக் கடிதம் எந்த வடிவில் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரே அலுவலகத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறவேண்டி வரும். பெயர் சரியாகும் வரை பில்லைக் கட்டாமல் விடவேண்டாம். கட்டாமல் அறுந்த லைனின் நிலுவை பெயர்காரர் மேல்தான் நிற்கும்.

வெட்டும் நாளில் எழுத்து விண்ணப்பத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். ரவுட்டர் கம்பனியுடையது என்றால் அடாப்ரரோடு திருப்பிக் கொடுத்து, தொடரிலக்கம் எழுதிய ரசீது எடுங்கள். வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்கும் படிவத்தையும் அன்றே நிரப்புங்கள், பின்னர் அதைத் தாமாக யாரும் தரமாட்டார்கள். அடுத்த மாதமும் பில் வந்தால் அந்த முத்திரைப் பிரதியோடு கம்பனிக்கு முறைப்பாடு கொடுங்கள். அங்கே தீராவிட்டால் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 உண்டு.